முயல் தங்கிய வீடுகள்

பாலித்தீன் உறைக்குள் வைத்து, அதன்மேல் இன்னோர் உறை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிய ஒரு ரேஷன் கார்டு. ஆண்டுக்கு ஆண்டு உள்தாள் ஒட்டித் தடித்துப்போன பழைய கார்டு. எட்டு வயதுப் பெண் ஒருத்தி அதைத் தன் பள்ளிக்கூடப் பைக்குள்ளிருந்து எடுத்து, எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறை மேசைமீது, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பாவாடையிலிருந்து சொட்டிய நீர் மொசைக் தரையில் ஓடி என் காலைத் தொட்டது. பக்கத்தில் ஒரு கூடை. கூடையின்மேல் பழைய புடவைத் துண்டு. துண்டுக்குள் ஏதோ மெல்ல அசைந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். வழி தவறாமல் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட பிள்ளையின் சிரிப்பு. எத்தனையோ முகங்களை மறந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

அவளை நான் பெயர் சொல்லி நினைப்பதில்லை. கதை கேட்க வந்த பிள்ளைகள் எல்லாரும் அவளை முயல் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. அந்தப் பெயர் வந்ததற்கு நான்தான் காரணம். 2012 வாக்கில் எங்கள் பிளாக் பூங்காவில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லி வந்தேன். சர்ச்சில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய வாய். என் பிள்ளைகள் இருவரும் விடுதியில் சேர்ந்து படிக்கப் போன பிறகு அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அப்போது எங்கள் பிளாக் பெண்கள் சேர்ந்து சிறுவர்களுக்காக ஒரு சின்னக் கதைப் புத்தகம் போடத் தீர்மானித்தார்கள். பகிர்ந்து வாழ்வதையும் இயற்கையை மதிப்பதையும் சொல்லும் விலங்குக் கதைகளாக இருக்க வேண்டும் என்றார்கள். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதுமுன் பூங்காவில் சொல்லிப் பார்ப்பேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவேன்.

அவளுடைய அம்மா எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா. என் வயதுதான் இருக்கும், இருந்தாலும் நான் அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். கம்மாபுரம் பக்கத்தில் சுரங்கத்தை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து மினி பஸ்ஸில் வந்து, எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டுப் போவார். சனிக்கிழமையில் மகளையும் கூட்டிவருவார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்றபோது அவள் மட்டும் மிஸ் என்றாள். கதை சொல்கிறவர் எல்லாரும் அவளுக்கு மிஸ். முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, நடுவில் புகுந்து கேள்வி கேட்பாள். காக்காவும் குருவியும் மாம்பழத்தைப் பங்கு போட்ட கதையில், கொட்டை யாருக்கு என்று கேட்டவள் அவள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கொட்டையை மண்ணில் புதைப்பதாகக் கதையை முடித்தேன். அந்தப் புத்தகத்தில் நன்றாக அமைந்த இடங்களில் பாதி அவள் கேள்விகளால் வந்தவை.

முயல் கதையை ஒரு மத்தியான வேளையில், அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது யோசித்தேன். நான் நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தேன். புதிதாகத் தோண்ட வேண்டிய நிலங்களின் படங்களைக் கணினியில் திருத்திக் கொடுப்பது என் வேலை. எடுக்கப்படும் நிலத்தின்மேல் சாய்கோடுகள் போடுவோம். அந்த மாதம் நான் கோடு போட்ட இடங்களில் அக்காவின் ஊரும் இருந்தது. எனக்கு அது தெரியும். ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்த அவர்கள் தெரு படத்தில் வெறும் நீளப் பட்டையாக இருந்தது. அங்கே யாருக்கும் பட்டா இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் கதை வந்தது. இப்போது யோசித்தால், என் மனத்தை நானே சமாதானம் செய்யத்தான் அதைக் கட்டினேன் என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அது நல்ல கதையாக மட்டும் தெரிந்தது.

கதை இதுதான். காட்டில் நாள்கணக்கில் மழை. விலங்குகள் எல்லாம் குளிரில் நடுங்குகின்றன. முயலின் வளைக்கு அடியில் கதகதப்பான கறுப்புக் கல் இருப்பது தெரியவருகிறது. எல்லாரும் தயங்கித் தயங்கி முயலிடம் கேட்கிறார்கள். முயல் ஒரு இரவு யோசித்துவிட்டு, வளையைக் கொடுத்துவிடுகிறது. காடு முழுக்க வெளிச்சம், சூடு. எல்லாரும் முயலைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். முடிவு.

சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. “அப்புறம் முயலு எங்க போச்சு மிஸ்?” என்று கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். முயலுக்கு என்ன கவலை, யானையும் மானும் மயிலும் என் வீட்டுக்கு வா, என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார்கள், அதன்பிறகு அந்தக் காட்டில் முயல் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்கும் என்றேன். அவள் முகம் தெளிந்தது. பக்கத்திலிருந்த பிள்ளைகளுக்கும் அந்த முடிவுதான் அதிகம் பிடித்தது. அடுத்த சனிக்கிழமை வந்தவுடனேயே, இந்த வாரம் முயல் யார் வீட்டில் என்று கேட்டாள். அப்படித்தான் அது தொடர்கதை ஆயிற்று. ஒரு வாரம் நாரை வீட்டில், ஒரு வாரம் ஆமை வீட்டில். நாரை வீட்டில் மீன் வாசம் தாங்காமல் முயல் மூக்கைப் பொத்திக்கொண்டு தூங்கியதை அவள் எழுந்து நடித்துக் காட்டினாள். அன்றிலிருந்து அவள் பெயர் முயல்.

அக்காவும் ஒருநாள் வேலை முடித்துவிட்டுப் பூங்கா வேலியருகே நின்று கேட்டார். திங்கட்கிழமை பாத்திரம் துலக்கும்போது சொன்னார். “முயலு வளை தோண்டாதுங்க மேடம். புல்லுல ஒரு பள்ளம் பண்ணிக்கினு படுத்துக்கும். அது எழுந்து போயிட்டா அந்த எடம் அதோடதுன்னு யாருக்கும் தெரியாது.”

நான் சிரித்தேன். கதைதானே அக்கா, வளை இருந்தால்தானே கொடுக்க முடியும் என்றேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, “அதுவும் சரிதாங்க” என்றார். புத்தகத்திலும் நான் வளையை மாற்றவில்லை.

ஆவணி, புரட்டாசியில் பட்டா இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனார்கள். ஏரிக்கரைத் தெருக்காரர்கள் எங்கே போவது என்று தெரியாமல் இருந்தார்கள். அவர்களில் சிலர் மற்ற ஊர்க்காரர்களோடு மாற்று இடம் கேட்டுச் சாலையோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அலுவலகப் பேருந்தில் போகும்போது அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போவேன். பேருந்தில் எல்லாரும் அந்த இடம் வரும்போது கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். நானும் பார்ப்பேன். ஒருநாள் பந்தலில் அக்கா உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மழைச் சனிக்கிழமை பூங்காவில் கதை இல்லை. என் கணவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம் மழையில் முதலில் கேட்கவில்லை. திறந்தால் அவள். பையும் கூடையுமாக மினி பஸ் ஏறித் தனியே வந்திருந்தாள். நான் துண்டெடுத்துத் தலையைத் துவட்டினேன். அதற்குள்ளேயே ரேஷன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். பிறகு கூடைத் துணியை விலக்கிக் காட்டினாள். வைக்கோலுக்குள் ஒரு சிவப்புக் கோழி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அமுங்கிக்கொண்டது.

“அடை கோழி மிஸ். இன்னும் ஒம்போது நாள் இருந்தாப் போதும், குஞ்சு பொறிச்சிடும். இங்க வச்சிக்கினு இருங்க, அப்புறம் நான் எடுத்துக்கினு போயிடுவேன்” என்றாள். கார்டைக் காட்டி, “இதயும் வச்சிக்கோங்க. நனைஞ்சா வேற இல்லன்னு அம்மா சொல்லும்” என்றாள்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அம்மா பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டிருப்பதாகவும், திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்பதால் எல்லாரும் அழுதுகொண்டிருப்பதாகவும், யாருக்கும் இடம் கிடைக்காததால் தான் மட்டும் யோசித்து வந்ததாகவும் சொன்னாள். அவள் அழவில்லை. போகும் வழி தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்கிற பெருமை அவள் பேச்சில் இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. உடைந்த கட்டிலும் பழைய பூந்தொட்டிகளும் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஒரு கோழிக்கு ஒரு மூலை போதும். நான் அதைத்தான் நினைத்தேன், அடுத்த கணமே வேறொன்றும் நினைத்தேன். இன்றைக்குக் கோழி, நாளைக்கு மூட்டைகள், நாளை மறுநாள் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள். வரைபடப் பிரிவில் இருக்கிறவள் வீட்டில் அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது? யாரும் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. அந்தப் பயத்தை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்றுகூட ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

அவளுக்குச் சூடாகப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தேன். என் மகளுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். மழை கொஞ்சம் விட்டதும், அம்மா தேடுவார்கள், வா கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோழியும் வருகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேசைமேல் இருந்த கார்டை நானே எடுத்து அவள் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

ஸ்கூட்டியில் முன்னால் கூடையை வைத்து, பின்னால் அவளை உட்காரவைத்துக் கிளம்பினேன். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மழையில் கழுவப்பட்ட சாலை, இருபுறமும் மரங்கள், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகை. பாதி வழியில் என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. “இந்த வாரம் முயலு எந்த வூட்ல மிஸ்?”

“அந்தக் கதை முடிஞ்சிடுச்சும்மா” என்றேன்.

ஊர்வரை கொண்டுபோய் விட எனக்குத் தைரியம் இல்லை. மினி பஸ் நிற்கும் இடத்தில் ஏற்றிவிட்டு, ஏரிக்கரையில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, துணியைச் சரிசெய்தாள். பஸ் கிளம்பியபோது கை ஆட்டுவாள் என்று நின்றேன். அவள் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எழுந்த கணவரிடம் சொன்னேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, “வச்சிருக்கலாமே, கோழிதானே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நேரத்துக்கு வந்து, இருந்த பாத்திரமெல்லாம் துலக்கி, அடுப்பு மேடையைத் துடைத்து, ஸ்வெட்டரைத் துவைத்து மடித்த மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்க மறுத்தேன். அவர் அதை நாற்காலியின்மேல் வைத்தார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“புள்ள தெரியாம வந்துடுச்சிங்க. மனசுல வச்சிக்காதீங்க” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். “இனிமே அந்தக் கதையச் சொன்னீங்கன்னா, முயலு எங்க போச்சுன்னு தெரியாதுன்னு சொல்லிடுங்க மேடம். தெரியாதுன்னா புள்ளைங்க தாங்கிக்கும்.”

அன்றைக்குப் பிறகு அவர் வரவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து, மனம் கேட்காமல், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கொட்டகையைக் கூட்டிச் சுத்தம் செய்துவைத்திருந்தேன் என்பது மட்டும் உண்மை. ஏரிக்கரைத் தெரு இருந்த இடத்தில் சேற்றில் பெரிய சக்கரத் தடங்கள் இருந்தன. தடங்களில் மழைநீர் தேங்கியிருந்தது. எந்த வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுப்பு எரிந்த கறுப்போ, துளசிச் செடியோ, வேலிக் கம்போ எதுவும் இல்லை. செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், அந்தத் தெருக்காரர்கள் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனதாகக் கேள்வி என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே நின்றபோது அக்கா முயலைப் பற்றிச் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்டது. அதன்பிறகு பல மாதங்கள், மழை பெய்யும் மாலைகளில், வாசலில் யாரோ தட்டுவதுபோல் இருக்கும். எழுந்துபோய்த் திறப்பேன். தெருவிளக்கும் மழையும்தான் இருக்கும். கணவர் முதலில் கேட்பார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

சனிக்கிழமைக் கதைகளை நிறுத்திவிட்டேன். ஆனால் புத்தகம் அச்சுக்குப் போயிருந்தது. பொங்கலுக்கு வெளிவந்தது. அட்டையிலேயே முயல், பின்னால் வரிசையாகத் திறந்த கதவுகள். படம் போட்டவர் நன்றாகவே போட்டிருந்தார். புத்தகம் பிளாக்கு பிளாக்காகப் பரவியது. சில பள்ளிகளில் கதை சொல்லும் போட்டிக்கு அதிலிருந்து எடுத்தார்கள். நாலைந்து ஆண்டுகள் கழித்து ஒரு விழாவில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பஞ்சில் காது செய்து தலையில் கட்டிய ஒரு சிறுமி மேடைக்கு வந்து, கையை விரித்து, “அந்தக் காட்டில் முயல் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்கும்” என்று முடித்தாள். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. எழுந்து நின்று வணங்கச் சொன்னார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சிறுமி மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்து பென்சிலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

2019இல், ஒரு திருமணத்துக்காகப் பண்ருட்டியில் கடலூர் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றேன். நெல்லிக்குப்பம் நெருங்கும்போது கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றதால் பஸ் ஊர்ந்தது. இருவர் உட்கார்ந்திருந்த இருக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நகர்ந்துகொண்டு, “இங்க ஒக்காருங்க மிஸ், எடம் இருக்குது” என்றாள்.

மிஸ் என்று என்னை யாரும் கூப்பிடுவதில்லை. திரும்பிப் பார்த்தேன். முகம் நீண்டிருந்தது, இரட்டைப் பின்னல், காதில் சின்னத் தோடு. கண் மாறவில்லை. உட்கார்ந்தேன். மூன்று பேராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பதினோராம் வகுப்பு படிப்பதாகச் சொன்னாள். அப்பாவுக்கு ஆலைப் பக்கம் ஏற்று இறக்கு வேலை, அம்மா வீட்டு வேலைக்கும் போகிறது, கரும்புக் காலத்தில் வெட்டவும் போகிறது என்றாள். கேட்கத் துணிவில்லாமல் கேட்டேன், அந்தக் கோழி என்ன ஆயிற்று என்று. அவள் சாதாரணமாகச் சொன்னாள். அலைச்சலில் முட்டையெல்லாம் கூமுட்டையாகிவிட்டதாம். கோழி மட்டும் நன்றாக இருந்ததாம், ரொம்ப நாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஏழு ஆண்டுகளாக மனத்துக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். பஸ் இரைச்சலில் எல்லாம் குழறிக்கொண்டு வந்தது. அன்றைக்கு உன்னை அனுப்பியிருக்கக் கூடாதும்மா என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவள் சிரித்தாள். “எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல மிஸ். மொதல் மொதல்ல ஸ்கூட்டர்ல ஏறுனது உங்க கூடத்தான், அது ஞாபகம் இருக்குது. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்.”

எனக்கு அப்போது வந்த ஆறுதலை எழுதிக்காட்ட முடியாது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிக்கொண்டது போல் இருந்தது. பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள், நாம்தான் சுமக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகக் கரும்புச் சாறு புளித்த வாசம் வந்தது. அதுகூட அப்போது நன்றாக இருந்தது. அம்மாவை ஒருநாள் பார்க்க வருகிறேன், வீடு எங்கே என்று கேட்டேன். அவள் இறங்கும் நிறுத்தம் வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தில் புகுமுன் என் பக்கம் குனிந்தாள்.

“உங்களப் பாத்தத அம்மாகிட்ட சொல்ல மாட்டேன் மிஸ். அன்னிக்கு அந்தக் கூடையோட நான் திரும்பி வந்து நின்னத நெனச்சா, அது இன்னிக்கும் அழும்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.